ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்கு ஊக்கியல்லாத மருந்துகளைப் பாதுகாப்பாகக் கொடுப்பது எப்படி?

கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு ஆகியவை காணப்படும் ஏடிஹெச்டி (ADHD) குறைபாட்டுக்குத் தரப்படும் ஊக்கியல்லாத (தூண்டல் மருந்து வகையைச் சேராத) மருந்துகளில் முக்கியமானவை அடோமாக்செடின், குவான்ஃபசின், குளோனிடின் ஆகியவை. அடோமாக்செடினின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதால், மாற்றம் தெரியவில்லை என்று பெற்றோரே அளவைக் கூட்டுவதோ மருந்தை நிறுத்துவதோ கூடாது.

குவான்ஃபசினும் குளோனிடினும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. ஆகவே தூக்கக் கலக்கமோ, எழுந்து நிற்கையில் தலைச்சுற்றலோ, மயக்கமோ வந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இவற்றைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறக்கூடும் என்பதையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவேன்: மருத்துவர் சொல்லும் படிகளில் மட்டுமே அளவைக் குறைக்க வேண்டும், தொடர் வாந்தியால் மருந்து வயிற்றில் தங்காதபோதும், அடுத்தடுத்து இரு வேளை தவறியபோதும் உடனே அவரைக் கேட்க வேண்டும். மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரைகளை உடைக்காமலும் மெல்லாமலும் முழுதாக விழுங்கச் செய்ய வேண்டும். அடோமாக்செடின் காப்ஸ்யூலையும் திறக்கக் கூடாது. அதன் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் தரும்.

அடோமாக்செடின் உட்கொள்ளும் பிள்ளைகளில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும். முதல் சில மாதங்களிலும் அளவு மாறும் நாட்களிலும் வழக்கத்துக்கு மாறான பதற்றம், சிடுசிடுப்பு, ஒதுங்கியிருத்தல் ஆகியவற்றைக் கவனித்து, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பதின்வயதினரிடம் இதைப் பற்றி நேராகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கண் மஞ்சளாதலும் சிறுநீர் கருத்துப்போதலும் அரிதான கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. ஃப்ளூஆக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் உடலில் அடோமாக்செடினின் அளவை உயர்த்தும் என்பதால், பிள்ளை உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.