ஒரே அறைக்கு ஒரே இரவில் இரண்டு முன்பதிவு: குறுகிய நாட்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

இரவு பத்தரை மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், தோளில் தூங்கும் குழந்தையோடு ஒரு அம்மா நிற்கிறார், பக்கத்தில் பெரிய சூட்கேஸ். அவருக்கான அறையில் ஏற்கெனவே ஒரு தம்பதி வந்து, குளித்து, விளக்கையும் அணைத்துவிட்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் பணம் கட்டியவர்கள், இரண்டு பேர் போனிலும் முன்பதிவு உறுதிச் செய்தி இருந்தது. என் படுக்கையறையை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நான் கூடத்தில் படுத்தேன். குழந்தை விழித்துவிடக் கூடாதென்று அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அறை வாடகைக்கு விடத் தொடங்கும் பலர், வருகிறவர் எப்படிப்பட்டவரோ என்றுதான் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் விருந்தினரால் வந்த தொல்லை மிகக் குறைவு. ஒருவர் கிளம்பி அடுத்தவர் வருவதற்குள் நாம் கவனிக்காமல் விட்ட இடத்தில்தான் பிரச்சினைகள் முளைக்கின்றன. அதனால் இந்த விளக்கமும் அந்த இடைவெளியைச் சுற்றியே போகும். ஏர்பிஎன்பி போன்ற முன்பதிவுத் தளத்தில் கணக்குத் தொடங்குவது, படம் ஏற்றுவதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதில் சிக்கல் எதுவும் இல்லை.

படி 1: அனுமதியை முதலில் கேளுங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் விதி வேறு. லண்டனில் முழு வீட்டையும் தனி அனுமதி இல்லாமல் ஒரு வருடத்தில் 90 இரவுகளுக்கு மேல் இப்படி விட முடியாது. நியூயார்க் நகரில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக விடுபவர் நகர நிர்வாகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், விருந்தினர் தங்கும்போது தானும் அங்கே இருக்க வேண்டும். உங்கள் ஊர் விதியை உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்திலும், வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். பணம் கொடுத்துத் தங்குபவர்களால் ஏற்படும் சேதத்துக்குப் பல காப்பீடுகள் பொறுப்பேற்பதில்லை.

படி 2: விரிப்புகளை எண்ணி வாங்குங்கள்

ஒரு கட்டிலுக்கு மூன்று செட். ஒன்று மெத்தை மேல், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். இரண்டு போதும் என்று தோன்றும், போதாது. காலை 11 மணிக்கு ஒருவர் கிளம்பி மதியம் 3 மணிக்கு அடுத்தவர் வந்தால், நடுவில் இருப்பது நான்கே மணி நேரம். அதற்குள் துவைத்து உலர்த்தி விரிப்பது நடக்காத காரியம், மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

நிறம் வெள்ளைதான் என்பது என் உறுதியான கருத்து. கறை உடனே கண்ணில் படும், எல்லா செட்டும் ஒன்றோடொன்று பொருந்தும், ஒன்று கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். இரத்தக் கறை பட்டால் குளிர்ந்த நீரில்தான் முதலில் ஊறவைக்க வேண்டும், வெந்நீர் பட்டால் கறை துணியோடு பிடித்துக்கொள்ளும். துண்டுகளுக்குத் துணி மென்மையாக்கி போடாதீர்கள். அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து, துண்டு ஈரத்தை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். அப்புறம், ஒவ்வொரு முறையும் ஒரு கறுப்புக் கைத்துண்டு வையுங்கள். முகப்பூச்சைத் துடைக்க அது இருந்தால் வெள்ளைத் துண்டு பிழைக்கும்.

மெத்தைக்கு ஜிப் வைத்து முழுதாக மூடும் நீர்புகா உறை அவசியம். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 3: காலண்டர் இணைப்பு (நான் தவறிய இடம்)

அன்றிரவு நடந்ததற்குக் காரணம் இந்தப் படிதான். இதை நிதானமாகப் படியுங்கள்.

ஒரே அறையை ஏர்பிஎன்பி, புக்கிங்.காம் என்று இரண்டு தளங்களில் போட்டால், ஒன்றில் பதிவான தேதி மற்றதில் தானாக மூட வேண்டும். அதற்குத் தளங்கள் பயன்படுத்துவது ஐகால் என்ற பழைய முறை. அதன் முதல் தரநிலை 1998இல் வந்தது, இப்போது புழக்கத்தில் இருப்பதற்கு அடிப்படை 2009இல் வெளியானது. ஒவ்வொரு தளமும் உங்கள் அறைக்கென்று ஒரு ஏற்றுமதி லிங்க் தரும். அதை அடுத்த தளத்தின் இறக்குமதிப் பெட்டியில் ஒட்ட வேண்டும்.

முதல் தவறு: நான் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். முதல் தளத்தின் லிங்க் இரண்டாவதில் இருந்தது, இரண்டாவதன் லிங்க் முதலாவதில் இல்லை. இரண்டு திசையிலும் ஒட்ட வேண்டும். மூன்று தளங்கள் என்றால் ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டின் லிங்க், மொத்தம் ஆறு. நான்கு தளம் என்றால் பன்னிரண்டு.

இரண்டாவது தவறு: லிங்க் போட்டதும் தகவல் அந்த நொடியே போய்விடும் என்று நம்பினேன். அப்படிப் போகாது. ஒரு தளம் தன்னிடம் பதிவு வந்ததும் மற்றதுக்குச் சொல்வதில்லை. மற்ற தளம்தான் தனக்கு நேரம் வரும்போது வந்து எட்டிப் பார்த்து, புதிதாக என்ன மூடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போகும். இரண்டு எட்டிப்பார்த்தலுக்கு நடுவில் சில மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்துக்குள் இன்னொருவர் அதே இரவைப் பதிந்துவிட்டால் இரண்டு தளமும் இரண்டு பேருக்கும் உறுதி கொடுத்துவிடும்.

இதை எப்படிச் சரிசெய்வது?

அ) இரண்டாவது தளத்தில், வருகைக்கு எவ்வளவு நேரம் முன்பு வரை பதிவு ஏற்கலாம் என்ற அமைப்பைக் குறைந்தது ஒரு நாள் என்று வையுங்கள். இதனால் இரட்டைப் பதிவு முழுதாக ஒழியாது. ஆனால் கடைசி நேர மோதல் வராது. அடுத்த மாதத் தேதி மோதினால் ஒருவருக்குச் சொல்லி மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் இருக்கிறது. அன்றிரவே மோதினால் வாசலில் குழந்தையோடு ஒருவர் நிற்பார்.

ஆ) முன்பதிவுச் செய்தி வந்ததும் போனிலேயே மற்ற தளத்தைத் திறந்து அந்தத் தேதியைக் கையால் மூடுங்கள். இறக்குமதி பக்கத்தில் புதுப்பிப்பு பட்டன் இருந்தால் அதை அழுத்தினாலும் போதும். முப்பது நொடி வேலை.

இ) சோதனை செய்யாமல் விடாதீர்கள். ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை முதல் தளத்தில் மூடி, மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் அது எப்போது மூடுகிறது என்று பாருங்கள். பிறகு எதிர்த்திசையில் அதையே செய்யுங்கள். கடைசியாகத் தேதியைத் திறந்துவிட்டு, திறப்பதும் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள்.

ஈ) இரண்டு அறை இருந்தால் லிங்க்குகளுக்கு 'மாடி அறை, ஏர்பிஎன்பி' என்பது போலப் பெயர் கொடுங்கள். லிங்க் மாறி ஒட்டினால் காலியான அறை மூடும், நிறைந்த அறை திறந்திருக்கும்.

இன்னொரு நுணுக்கம். ஏற்றுமதிக் கோப்பை இறக்கி நோட்பேடில் திறந்து பாருங்கள், பயப்பட வேண்டியதில்லை, வெறும் எழுத்துதான். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தொடக்கத் தேதி, ஒரு முடிவுத் தேதி இருக்கும். 5ஆம் தேதி வந்து 8ஆம் தேதி கிளம்புபவருக்குத் தொடக்கம் 5, முடிவு 8. ஆனால் இந்த முறையில் முடிவுத் தேதி கணக்கில் சேராது. மூடுவது 5, 6, 7 ஆகிய மூன்று இரவுகள் மட்டும். 8ஆம் தேதி இரவு விற்பனைக்குத் திறந்தே இருக்கும், அதுதான் சரியும்கூட. கையால் மூடும்போது நான் 8ஐயும் சேர்த்து மூடி, பல வாரங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு இரவை இழந்தேன். ஒரே நாளில் ஒருவரை அனுப்பி இன்னொருவரை வரவேற்க உங்களால் முடியாது என்றால், தயாரிப்பு நேரம் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதில் ஒரு இரவு என்று வையுங்கள்.

என் பரிந்துரை: முதல் ஆறு மாதம் ஒரே தளம் போதும். இரண்டு தளம் வரை ஐகால் தாங்கும். மூன்றாவதைச் சேர்க்கும் நாளில், பணம் கட்டியாவது சேனல் மேனேஜர் என்ற, எல்லாத் தளங்களின் காலண்டரையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றுக்கு மாறிவிடுங்கள். அது தளங்களோடு நேரடியாகப் பேசுவதால் தேதி கிட்டத்தட்ட உடனே மூடிவிடும்.

படி 4: கதவு

சாவியைக் கையில் கொடுக்கக் காத்திருந்தால் உங்கள் மாலைகள் எல்லாம் போய்விடும். எண் பொத்தான் பூட்டு வாங்குங்கள். வைஃபை இல்லாமலும் எண்ணை அழுத்தினால் திறக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், போன் செயலியை மட்டும் நம்பும் பூட்டு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு விருந்தினருக்கும் புது எண், அவர் கிளம்பியதும் அது செல்லாது. அவர்களுடைய போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வைத்தால் தூக்கக் கலக்கத்திலும் மறக்காது.

பேட்டரி விஷயம் முக்கியம். பல பூட்டுகளின் கையேட்டில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி மட்டும் போடச் சொல்லியிருப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஆல்கலைன் மெல்ல மெல்ல இறங்கும், பூட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். லித்தியம் கடைசி வரை திடமாக நின்று சட்டென்று விழுந்துவிடும். வெளிப்பக்கம் 9 வோல்ட் பேட்டரியை வைத்து அவசரத்துக்குத் திறக்கும் வசதி பல மாடல்களில் உண்டு, வாங்கும்போது அதைக் கேளுங்கள்.

வழிகாட்டப் படங்கள் அனுப்புவீர்கள் அல்லவா? அவற்றை இரவிலும் எடுங்கள். நான் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இருட்டிய பிறகு வருகிறார்கள், பச்சைக் கேட் அப்போது கறுப்பாகத் தெரிகிறது. ஒருவர் பக்கத்து வீட்டுக் கதவில் எண்ணை அழுத்தப் பொத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

படி 5: மூன்றே செய்திகள்

முன்பதிவு ஆனதும் ஒரு நன்றி. வருகைக்கு முந்தைய நாள் வழியும் கதவு எண்ணும். முதல் இரவு முடிந்த காலையில், எல்லாம் வசதியாக இருக்கிறதா என்று ஒரு விசாரிப்பு. மூன்றாவதைத் தவிர்க்காதீர்கள். வெந்நீர் வரவில்லை என்று அன்றே உங்களிடம் சொல்லிவிட்டால் சரிசெய்துவிடலாம். நீங்கள் கேட்காவிட்டால் அதை விமர்சனத்தில்தான் படிப்பீர்கள்.

ஏர்பிஎன்பியில் இரு தரப்புக்கும் விமர்சனம் எழுத 14 நாள் அவகாசம். இருவரும் எழுதும் வரை, அல்லது அவகாசம் முடியும் வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது. பயமில்லாமல் உள்ளதை எழுதலாம்.

பாதுகாப்புக்கென்று அறைக்குள் கேமரா வைக்கலாமா என்று நினைக்காதீர்கள். தங்குபவரின் அந்தரங்கத்தைத் தொடக்கூடாது. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமராவை முற்றிலும் தடை செய்திருக்கிறது.

படி 6: நான்கு மணி நேரம்

விருந்தினர் கிளம்பியதும் சுத்தம் செய்யத் தொடங்காதீர்கள். முதலில் படம். வாசலிலிருந்து, ஜன்னலிலிருந்து, குளியலறைக் கதவிலிருந்து என்று ஒவ்வொரு முறையும் அதே கோணங்களில் எடுங்கள். சேதம் இருந்து ஈடு கேட்க நேர்ந்தால் இந்தப் படங்கள்தான் பேசும்.

பிறகு விரிப்பை உரித்து மிஷினில் போட்டு, ஜன்னலைத் திறந்து, மேலிருந்து கீழாகத் துடைத்து வாருங்கள். குளியலறை கடைசியில். தண்ணீர் போகும் ஜாலியைத் தூக்கி முடியை எடுங்கள். முந்தையவரின் ஒரு முடி கண்ணில் பட்டால் போதும், நீங்கள் செய்த மற்ற வேலை எதுவும் கணக்கில் வராது. எல்லாம் முடிந்ததும் கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். நின்று பார்க்கும்போது தெரியாத சிலந்தி வலை அப்போதுதான் தெரியும்.

பின்சேர்க்கை 1

ரத்தான பதிவின் தேதி மட்டும் மூடியே கிடக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பார்த்ததில், இரண்டு தளங்களும் ஒன்றுக்கொன்று எதிரொலித்துக்கொண்டிருந்தன. முதல் தளத்திலிருந்து வாங்கிய தேதியை இரண்டாவது தன் ஏற்றுமதியிலும் சேர்த்து முதலாவதுக்கே திருப்பி அனுப்புகிறது. முதல் தளத்தில் பதிவு ரத்தானாலும், இரண்டாவது சொல்கிறது என்று அது மூடியே வைக்கிறது. இரண்டு பக்க லிங்க்கையும் நீக்கி, தேதி திறந்ததும் மறுபடி ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை 2

கூகுள் காலண்டரில் இந்த லிங்க்கைச் சேர்த்து அதை மட்டும் பார்க்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். லிங்க் மூலம் சேர்த்த காலண்டரில் மாற்றங்கள் தெரிய 12 மணி நேரம் வரை ஆகலாம். மாதத்தை ஒரு பார்வையில் பார்க்க அது நல்லது. முடிவெடுக்கத் தளத்தையே திறந்து பாருங்கள்.

பின்சேர்க்கை 3

மூட்டைப்பூச்சி பற்றி எழுதவில்லையே என்று கேட்டிருந்தீர்கள், உண்மைதான், விட்டுவிட்டேன். பெட்டிகளோடு பயணம் செய்து அது எந்த நல்ல வீட்டுக்கும் வரும், யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும். ஒவ்வொரு முறை விரிப்பை உரிக்கும்போதும் மெத்தையின் தையல் ஓரத்திலும் கட்டில் தலைமாட்டின் பின்புறமும் டார்ச் அடித்துப் பாருங்கள். கருமையான சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அன்றைய பதிவை நிறுத்திவிட்டு, துணிகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்து, பூச்சி ஒழிப்பவரை அழையுங்கள். வரவிருக்கும் விருந்தினருக்கு உடனே சொல்லிவிடுங்கள். பூச்சி தெரிந்தபோது அறையில் ஆள் தங்கியிருந்தால், அவரைப் பெட்டியோடு உங்கள் அடுத்த அறைக்கு மாற்றாதீர்கள். பூச்சியும் கூடவே போய்விடும். முதலில் அவருடைய துணிகளை வெந்நீரில் துவைத்து, பெட்டியைப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள்.