ரிமோட் படகுக்கு பேட்டரி வாங்கும் முன் எடையைப் பாருங்கள்

எத்தனை எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) வேண்டும் என்று கடையில் கேட்பதற்கு முன்னால், படகைத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். ரிமோட் விமானத்துக்கு பேட்டரியின் எடை வெறும் சுமை. இழுவைப் படகுக்கோ அதுதான் படகைச் சரியான ஆழத்துக்கு அமிழ்த்தி நிறுத்தும் அடிப்பாரம்.

என் இழுவைப் படகு மூன்றடி நீளம். மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ எல்லாம் பொருத்திய பிறகு பெரிய டப்பில் மிதக்கவிட்டு, நீர்மட்டக் கோடு வரை அமிழும் அளவுக்கு மணல் பொட்டலங்களை அடுக்கினேன். நிறுத்தால் நான்கு கிலோ. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஏஎச் (7000 எம்ஏஎச்) பேட்டரி அதில் இரண்டு கிலோவுக்கு மேல் எடுத்துக்கொண்டது, மீதிக்கு ஈயக்கட்டி. இங்கே லித்தியம் போட்டால் காசு கொடுத்து எடையைக் குறைத்துவிட்டு, அதற்கு ஈடாக இன்னும் ஈயம் ஏற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து கரண்ட். படகைக் கையால் பிடித்துக்கொண்டு, புரொப்பல்லர் தண்ணீருக்குள் முழு வேகத்தில் சுற்றும்போது வாட் மீட்டரில் பாருங்கள். மேசைமேல் சும்மா சுற்றவிட்டு எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. எனக்கு 3 ஆம்பியர் காட்டியது. பேட்டரிமேல் எழுதியிருக்கும் 7 ஏஎச் இருபது மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. 3 ஆம்பியரில் அவ்வளவு வராது. ஒரு மணி நேரம் ஓட்டலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பேட்டரியும் நாள்பட உழைக்கும்.

வேகப் படகின் கதை வேறு. அது நீர்மேல் எழும்பிச் சறுக்க வேண்டும், அதனால் எடை குறைந்த லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிதான். 3எஸ் (வரிசையாக மூன்று செல்) 5000 எம்ஏஎச், 30சி (கொள்ளளவைப்போல 30 மடங்கு கரண்ட்) என்றால் தாளில் 150 ஆம்பியர். லேபிளை அப்படியே நம்பாதீர்கள். ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இழுப்பதைப்போல இரு மடங்காவது தாங்கும் பேக்காக எடுங்கள். கட்-ஆஃப், அதாவது ஓட்டத்தை நிறுத்த வேண்டிய அளவு, செல்லுக்கு 3.3 வோல்ட். உப்பிய பேக்கை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

சேமிப்பில் இரண்டும் எதிரெதிர். ஈய பேட்டரியை முழு சார்ஜில் வையுங்கள், லைப்போவைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில். ஈய பேட்டரியை மூடிய படகுக்குள் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள், ஹைட்ரஜன் தேங்கும்.

எந்த பேட்டரியானாலும் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். ஏரியில் ஆகாயத்தாமரை வேர் புரொப்பல்லரில் சுற்றி மோட்டார் நின்றுவிட்டால், கரண்ட் பல மடங்கு ஏறும். என் இழுவைப் படகில் 7.5 ஆம்பியர் கார் ஃபியூஸ் இருக்கிறது.