அலுமினிய வேட்டைப் படகுக்குப் பெயின்ட்: எங்கே தவறுகிறோம்?

பெயின்ட் அடித்து ஒரு சீசன்கூட ஆகியிருக்காது. நகத்தால் நெருடினால் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வரும். உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வழவழவென்று இருக்கும். அது உலோகத்தைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். நாமோ பெயின்ட் மட்டம் என்று வேறு டின் வாங்கக் கிளம்பிவிடுகிறோம்.

காற்றுப் பட்டதுமே அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். உலோகத்தை அரிக்கவிடாமல் காப்பது அதுதான். பெயின்ட்டைச் சரியாக ஒட்டவிடாததும் அதுதான். அதனால் அதை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிய அன்றே பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு, ஏறிவிட வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் தேய்த்ததெல்லாம் வீண்.

வரிசை மாறினாலும் கெட்டுப்போகும். பிசுக்கோடு தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு பிசுக்கு நீக்கும் கரைப்பான், அப்புறம்தான் 80 முதல் 120 வரை எண் போட்ட உப்புத்தாள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். தேய்த்து முடித்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: ஒரே விரிப்பாகப் பரவினால் சரி, முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் போகவில்லை.

பிரைமரில் உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடிக்கும் அமில வகை உண்டு, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸியும் உண்டு. இரண்டும் நல்லவைதான். ஆனால் டின்னில் அனுமதி இல்லாமல் அமில வகையின் மேல் எபாக்ஸியை ஏற்றாதீர்கள்.

பிரைமரின் மேல் பூசும் பெயின்ட்டில் 'அதிகக் கடினமே அதிக உறுதி' என்று நினைத்து, இரண்டு பாகப் பாலியூரிதேனைத் தேடுபவர்கள் பலர். உறுதியில் அதற்குக் குறையில்லை. ஆனால் வாத்து வேட்டைக்குப் போகும் படகு நாணலுக்குள் நுழையும், சரளைக் கரையில் இழுபடும். கீறல் விழாமல் இருக்காது. பாலியூரிதேனில் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். அதனால் நல்ல எபாக்ஸி பிரைமரின் மேல், சுலபமாகத் தொட்டுச் சரிசெய்யக்கூடிய ஒற்றைப் பாக மேட் (பளபளக்காத) பெயின்ட்டையே நான் சொல்வேன். பளபளப்பு வெயிலில் மின்னி வாத்துகளை விரட்டிவிடும். மேட் பரப்பில் அழுக்கு சீக்கிரம் பிடிக்கும்தான், அதைக் கழுவிக்கொள்ளலாம்.

பாசி பிடிக்காமல் இருக்கத் தாமிர ஆக்சைடு கலந்த பெயின்ட்டை அடிப்பாகத்தில் பூசுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. தாமிரமும் அலுமினியமும் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். தகட்டில் குழி விழும். டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் படகுக்கு அந்தப் பெயின்ட்டே தேவையில்லை. படகுக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டியை அடியில் பொருத்தியிருந்தால் அதன் மேலும் பெயின்ட் படக்கூடாது. பட்டால் அது வேலை செய்யாது.

கடைசி அவசரம், தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று படகை இறக்குவது. இரண்டு பாகப் பெயின்ட் முழுதாக இறுக ஒரு வாரம்கூட ஆகும், குளிர் நாளில் இன்னும் கூடும். அதுவரை டிரெய்லர் பட்டையைக்கூட இறுக்கிக் கட்டாதீர்கள், அதன் தடம் அப்படியே பதிந்துவிடும்.