பழைய கல்யாண கசெட்டை டிவிடிக்கு மாற்ற: குறைந்த விலை ரெக்கோடர் வாங்கிப் பூட்டும் முறை

மலையகத்தில் பல வீட்டு அலுமாரிகளில் ஒரு விஎச்எஸ் கசெட்டாவது கிடக்கும். அக்காவின் கல்யாணம், தங்கச்சியின் சடங்கு, தோட்டத்துக் கோயில் திருவிழா. நம்ம ஊர் ஈரத்துக்கு இவை ரொம்ப நாள் தாங்காது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் அவற்றைக் காப்பாற்றச் சுலபமான வழி டிவிடி ரெக்கோடர்தான். புதிது கிடைப்பது அரிது. பாவித்ததைத்தான் வாங்க வேண்டியிருக்கும், அதனால் கடையிலேயே பாதி வேலை இருக்கிறது.

வாங்கும்போது

முதலில் மெஷினைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். லேபிளில் 220–240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். வெறும் 100 வோல்ட் என்றிருந்தால் அது ஜப்பானில் பாவித்த சாமான். விலை ஆசை காட்டும். ஆனால் நம்ம 230 வோல்ட் கரண்டில் நேரே குத்தினால் எரிந்துபோகும். ட்ரான்ஸ்போமர் போட்டுச் சமாளித்தாலும், ஜப்பானின் டிவி பட முறை என்டிஎஸ்சி, இலங்கையில் பிஏஎல், இரண்டும் வேறு. மெனுவும் ஜப்பானிய எழுத்தில் வரும். விட்டுவிடுங்கள்.

பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இரண்டு தொகுதி இருக்கின்றனவா? ‘அவுட்’ மட்டும் இருந்தால் அது வெறும் பிளேயர். ‘இன்’னும் இருந்தால்தான் ரெக்கோடர். சில மெஷின்களில் ‘இன்’ முன்பக்கத்தில், ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும்.

கடைக்காரர் ஒரு பட டிஸ்க்கைப் போட்டு, “பாருங்க, கிளியரா ஓடுது” என்பார். அதை நம்பி காசை எடுக்காதீர்கள். டிஸ்க்கில் எழுத, வாசிப்பதைவிட லேசருக்கு அதிக வலு வேண்டும். தேய்ந்த லேசர் படத்தை நன்றாக ஓட்டும், எழுதச் சொன்னால் திணறும். ஒரு வெற்று டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய், “அண்ணே, ரெண்டு நிமிஷம் ரெக்கோட் பண்ணிக் காட்டுங்க” என்று கேளுங்கள். நிறுத்தி, அதையே திரும்பப் போட்டுப் பாருங்கள். மறுத்தால் அடுத்த கடை.

ரிமோட் இல்லாமல் வாங்கவே வேண்டாம். முக்கியமான மெனு வேலைகளைப் பெரும்பாலான மாடல்களில் ரிமோட்டால்தான் செய்ய முடியும். டெக்கும் (கசெட் ஓட்டும் மெஷின்) ரெக்கோடரும் ஒன்றாக உள்ள மெஷின் கிடைத்தால் வயர் வேலை மிச்சம். ஆனால் ஒன்று பழுதானால் இரண்டும் ரிப்பேர்காரரிடம் போகும். வீட்டில் நல்ல டெக் இருந்தால் தனி ரெக்கோடரே என் தெரிவு.

டிஸ்க் வாங்குமுன் மெஷின் முகப்பில் உள்ள அடையாளத்தைப் பாருங்கள். எழுதும் டிஸ்க்கில் இரண்டு வகை உண்டு: சில மெஷின்கள் டிவிடி மைனஸ் ஆர் (DVD-R) மட்டும் ஏற்கும், சில பிளஸ் ஆர் (DVD+R).

கசெட்டை ஓட்டுமுன்

கசெட்டின் கண்ணாடி வழியே சுருளின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மாவு தூவியதுபோல வெள்ளையாக இருந்தால் பூஞ்சணம். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் இது சர்வ சாதாரணம். அதை டெக்கில் போட்டால் நாடாவை வாசிக்கும் ஹெட் அழுக்காகும், அடுத்து போடும் நல்ல கசெட்டுக்கும் தொற்றும். அதைத் தனியே எடுத்துவைத்து, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கசெட்டை ஒரு தடவை கடைசிவரை ஓட விட்டு, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். வருஷக் கணக்கில் ஒட்டிக் கிடந்த நாடா இளகும்.

குளிர்ந்த அறையில் கிடந்த மெஷினை அடுப்படிப் பக்கம் சூட்டுக்குக் கொண்டுவந்த உடனே போடக் கூடாது. உள்ளே நீர் பூக்கும். ஓரிரண்டு மணி நேரம் சும்மா வையுங்கள்.

மாட்டுவது

டெக்கின் ‘அவுட்’டிலிருந்து ரெக்கோடரின் ‘இன்’னுக்கு ஒரு ஏவி வயர். ரெக்கோடரின் ‘அவுட்’டிலிருந்து டிவிக்கு இன்னொன்று. மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். பழைய டெக்கில் சத்தத்துக்கு ஒரே துளைதான் இருக்கும். அதை வெள்ளையில் மட்டும் குத்தினால் ஒரு பக்கத்து ஸ்பீக்கரில்தான் மேளம் கேட்கும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

டிவியை ஏவிக்கு மாற்றி, ரெக்கோடர் மெனுவில் பிஏஎல் தெரிவு செய்து, டெக்கை மாட்டிய ‘இன்’னை ரிமோட்டில் தேர்ந்தெடுங்கள். டெக்கை ஓட விட்டால் படம் வர வேண்டும். கனடாவிலிருந்து உறவுக்காரர் அனுப்பிய கசெட் மட்டும் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ ஓடினால், அது என்டிஎஸ்சி. அதற்கு இரண்டு முறையும் ஓட்டும் டெக் வேண்டும்.

ரெக்கோட்

4.7 ஜிபி டிஸ்க்கில் எக்ஸ்பி என்ற உயர்ந்த படத் தரத்தில் 1 மணி நேரம், அடுத்த தரமான எஸ்பியில் 2, இன்னும் குறைந்த எல்பியில் 4 பிடிக்கும். எஸ்பி போதும். ஈ-180 கசெட் 3 மணி நேரம் ஓடும். ஒரே டிஸ்க்கில் அடக்க எல்பிக்குப் போனால் ஆள் அசையும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். எங்கே பிரிப்பது என்று முதலே பார்த்து வையுங்கள், தாலி கட்டும்போது டிஸ்க் முடிந்தால் வீட்டில் ஏச்சு விழும்.

கடையில் வாங்கிய சினிமாக் கசெட்டுகளில் சிலவற்றை ரெக்கோடர் ஏற்காது. அது பழுதல்ல, கொப்பி எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு.

ஃபைனலைஸ்

ரெக்கோட் முடிந்ததும் மெனுவில் டிஸ்க்கை மூடி முடிக்கும் ‘ஃபைனலைஸ்’ கொடுத்தால்தான் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் டிஸ்க்குகள் மற்ற பிளேயர்களில் ஓடும். சில நிமிடம் எடுக்கும். நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் பழுதாகலாம், அதனால் இடி மின்னல் நேரத்தில் தொடங்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில்தான் அது அதிகம், காலையில் செய்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிளேயரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, இரண்டாவது கொப்பியும் எடுத்த பிறகு கசெட்டை என்ன செய்வதென்று யோசியுங்கள். அதுவரை எறிய வேண்டாம்.