இச்சிரோவின் கணக்கைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நாம் பேஸ்பால் கணக்கைத் திறந்ததும் முதலில் தடுக்கி விழுவது சராசரியில்தான். ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோ சுசூகிக்கு அமெரிக்காவின் முதல்தர லீக்கான மேஜர் லீக்கில் சராசரி .311. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இது ரன் சராசரி அல்ல. கணக்கில் சேரும் ஆயிரம் வாய்ப்புகளில் 311 ஹிட் என்று அர்த்தம். ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் ஓடி ஒரு பேஸை (ஓடிப் போய்த் தொட வேண்டிய இடம்) பிடிப்பது. பத்துக்கு மூன்று அடித்தாலே அங்கே பெரிய ஆள்.

அடுத்தது, ஹோம் ரன்னை வைத்து எடை போடுவது. சிக்ஸருக்குப் பழகிய கண், வேறென்ன செய்யும்! 19 சீசனில் இச்சிரோ அடித்தது 117 ஹோம் ரன்தான். ஆனால் 2004-இல் ஒரே சீசனில் 262 ஹிட். ஜார்ஜ் சிஸ்லர் என்பவர் 1920-இல் அடித்த 257 என்ற சாதனை அதுவரை அசையாமல் இருந்தது. அந்த 262-இல் 225 வெறும் சிங்கிள், அதாவது முதல் பேஸ் வரை மட்டும் போன ஹிட். இடக்கை மட்டையாளரான இவர் மட்டையை வீசும்போதே உடம்பு முதல் பேஸ் பக்கம் நகர ஆரம்பித்துவிடும். தரையில் உருண்ட பந்தை எடுத்து எறிவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஜப்பானின் 1,278 ஹிட்டையும் அமெரிக்காவின் 3,089-ஐயும் கூட்டி, மேஜர் லீக்கில் அதிக ஹிட் அடித்த பீட் ரோஸின் 4,256-ஐத் தாண்டிவிட்டார் என்று சண்டைக்கு நிற்காதீர்கள். இரண்டும் வேறு வேறு லீக். மேஜர் லீக் சாதனை ரோஸ் பெயரில்தான் இருக்கிறது. சரி, அதற்காக 27 வயதில்தான் மேஜர் லீக் அணியான சியாட்டில் மரினர்ஸுக்கு வந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

என்னைக் கேட்டால், மட்டையோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு. அவர் அவுட்ஃபீல்டர், சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருதைப் பத்து முறை வாங்கியவர். எரர் (பிடிக்க வேண்டியதைக் கோட்டைவிடுவது) எத்தனை என்று எண்ணிப் பார்த்து ஃபீல்டிங்கை அளக்கவும் முடியாது. பந்துக்குப் பக்கத்திலேயே போகாதவருக்கு எரர் எப்படி விழும்?

2001 ஏப்ரல் 11, ஓக்லண்டு. முதல் பேஸில் எதிரணியின் டெரன்ஸ் லாங். அவர் அணிக்காரர் அடித்த பந்து, இச்சிரோ நின்ற ரைட் ஃபீல்டுக்கு வந்தது. லாங் இரண்டாம் பேஸைத் தாண்டி மூன்றாவதுக்கு ஓடினார். இச்சிரோ எடுத்து எறிந்த பந்து வழியில் எங்கும் தரையில் படாமல், கயிறு கட்டி இழுத்த மாதிரி மூன்றாம் பேஸில் நின்றவரின் கிளவுஸுக்கே போனது. லாங் அவுட். ஸ்கோர் அட்டையில் இதற்கு ஒரே ஒரு அசிஸ்ட், அதாவது அவுட்டுக்கு உதவியதற்கான குறிப்பு. அப்புறம் எத்தனை பேர் அந்தக் கைக்குப் பயந்து இரண்டாம் பேஸிலேயே நின்றுகொண்டார்களோ, அதற்கு அட்டையில் கட்டமே கிடையாது.