கழற்றியது எங்கே போனது? சிறிய எனர்ஜி சர்வீஸ் கம்பெனிக்கான சுற்றுச்சூழல் கணக்கு

ஜெனரேட்டர் சர்வீஸ், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் ஃபில்டர், பழைய டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்இடி, மாடியில் சோலார், கரண்ட் செலவு ஆடிட். இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்கிற சிறிய கம்பெனிகள் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் நிறைய உண்டு. ஒரு ஷெட், இரண்டு வண்டி, பத்துப் பன்னிரண்டு பேர். ராணிப்பேட்டையில் அப்படி ஒரு கம்பெனியின் சைட் வேலைகளும் பதிவேடுகளும் என் பொறுப்பு.

வெளிநாட்டுக்கு ஷூ அனுப்பும் தொழிற்சாலைகள் இப்போது கொட்டேஷனைப் பார்ப்பதற்கு முன்பே "உங்க என்விரான்மென்ட் பாலிசி எங்கே மேடம்?" என்கிறார்கள். உடனே யாராவது ஒரு பாலிசியைக் காப்பியடித்து, பெயரை மாற்றி, மூலையில் பச்சை இலை வைத்து, ஃப்ரேம் போட்டு மாட்டிவிடுகிறார்கள். அந்தத் தாளில் முக்கால்வாசி அலுவலகத்தைப் பற்றியது: பேப்பரின் இரு பக்கமும் பிரின்ட் எடுப்போம், ஆளில்லாத அறையில் ஃபேனை அணைப்போம். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் நம் தொழில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் செய்கிற கெடுதல் நம் அலுவலகத்தில் நடப்பதில்லை. வாடிக்கையாளர் இடத்தில் நாம் கழற்றி எடுக்கும் பொருளில்தான் இருக்கிறது.

அதனால் பாலிசியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். முதலில் போன வருடத்து ஜாப் கார்டுகளை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் எழுதும் சீட்டுகளை, எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் நெடுக்காகக் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள்: என்ன போட்டோம், என்ன எடுத்தோம், எடுத்தது எங்கே போனது. முதல் பத்தி பில்லிலேயே இருக்கும். இரண்டாவதை மெக்கானிக்கைக் கேட்டு நிரப்பலாம். மூன்றாவதில் பெரும்பாலும் ஒன்றும் எழுத முடியாது. எழுத முடியாத இடங்கள்தான் நீங்கள் சரி செய்ய வேண்டிய பட்டியல். இதற்குக் கன்சல்டன்ட் தேவையில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூன்றாவது பத்தி ஏன் முக்கியம் என்று விளக்கவே வேண்டாம். 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், பல்லாண்டுகள் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் மலையாகக் கிடந்தது. ஆலை போனது, கழிவு நின்றது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தந்த தீர்ப்பில்தான் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை நாட்டின் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. நாம் சின்னக் கம்பெனி என்பதால் அது நம்மை விட்டுவிடாது.

பழைய ஆயில்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 125 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) ஜெனரேட்டர் ஒன்றில் ஆயில் மாற்றினால் சுமார் 15 லிட்டர் கழிவு ஆயில் வரும். பழைய மாடல்களில் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பதினாலு ஜெனரேட்டர் சர்வீஸ் முடிந்தால் 210 லிட்டர் பேரல் நிறைந்துவிடும். பேரல் நிறைவதற்குள்ளேயே வாங்க ஆள் வந்து நிற்பார். சென்ட்ரிங் பலகைக்குத் தடவ ஒருவர், கரையானுக்கு அடிக்க ஒருவர், சூளை எரிக்க ஒருவர். கையில் காசும் கொடுப்பார்கள். அந்த ஆயிலில் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த எரிபொருளின் மிச்சமும் இருக்கின்றன. பலகையில் தடவியது அடுத்த மழையில் மண்ணுக்குள் போகும், சூளையில் எரிந்தது மூக்குக்குள் போகும். சில்லறை விற்பனையை முதல் நாளே நிறுத்துங்கள். மெக்கானிக்குகளுக்கு அது டீக்காசு என்பதால் முணுமுணுப்பு வரும். அந்தத் தொகையைக் கம்பெனியே படியாகக் கொடுத்துவிடுவது நல்லது. வெறும் அறிவுரையால் இது நிற்காது.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய ஆயில் அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். போகும்போது படிவம் 10, அதாவது கழிவோடு கூடவே போகும் மேனிஃபெஸ்ட் சீட்டு, ஏழு நகல்களோடு போகும். வருகிறவர் "நாங்க அப்ரூவ்டு பார்ட்டி" என்றால் வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரக் கடிதத்தை வாங்கி மூன்றைப் பாருங்கள்: பெயர், எந்தக் கழிவுக்கு அனுமதி, எந்தத் தேதி வரை. தேதி முடிந்த கடிதத்தின் ஜெராக்ஸோடு வருகிறவர்கள் உண்டு.

அடுத்த கேள்வி, ஆயில் யாருடையது? பெரிய தொழிற்சாலைக்குச் சொந்தமாக அங்கீகாரம் இருக்கும். அங்கே வடித்த ஆயிலை அவர்கள் பேரலிலேயே ஊற்றி, அளவை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு வாருங்கள். கல்யாண மண்டபம், சின்ன லாட்ஜ், கிளினிக் என்றால் அவர்களிடம் பேரலும் இருக்காது, அனுமதியும் இருக்காது. அதை நாம் ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதாக இருந்தால் நம் பெயரில் வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். சேர்த்து வைக்கும் காலம் 90 நாள். ஆண்டுக்குப் பத்து டன்னுக்குள் உண்டாக்குகிறவர்களுக்கு 180 நாள் வரை சலுகை உண்டு.

பேரலைக் கூரைக்குக் கீழே, சிமெண்ட் தரையில், சுற்றிலும் குட்டைச் சுவர் எழுப்பி வையுங்கள். இருக்கிற பேரல்களில் பெரியது மொத்தமாக ஒழுகினாலும் உள்ளேயே நிற்க வேண்டும். அதற்கு மேல் பத்து சதவீதம் இடம் விடுவது வழக்கம். வாய் வரை நிரப்பாதீர்கள். வேலூர் வெயில் தெரியும்தானே, கத்திரி நாட்களில் ஆயில் விரிந்து மூடியில் கசியும். ஐப்பசி மழையில் தொல்லை வேறு மாதிரி. திறந்த வெளியில் நிற்கும் பேரலின் தலையில் தண்ணீர் தேங்கும். இரவில் பேரல் குளிர்ந்து சுருங்கும்போது மூடியின் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஆயிலை எந்தச் சுத்திகரிப்பு நிறுவனமும் விரும்பி எடுக்காது. கூலன்ட்டும் தின்னரும் அதில் ஊற்றுவதும் அப்படித்தான்.

கொட்டினால் மரத்தூள் போட்டு உறிஞ்ச விடுங்கள். ஹோஸ் பிடித்து வடிகாலுக்குத் தள்ளாதீர்கள். ஆயில் குடித்த மரத்தூளும் அபாயகரக் கழிவுதான். ஃபில்டரும் எண்ணெய்த் துணியும் அதே மூட்டையில் போகட்டும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தக் கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்

ஃபில்டர் மெஷின் வைத்திருப்பவர்கள் பலரும் பிடிவி, அதாவது ஆயில் எவ்வளவு வோல்ட் வரை தாங்கும் என்பதை, மட்டும் பார்க்கிறார்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் ஹோஸை மாட்டுவதற்கு முன் பிசிபி சோதனை கேளுங்கள். பிசிபி ஒரு காலத்தில் மின்காப்புத் திரவமாகப் பயன்பட்ட குளோரின் சேர்மம். மண்ணில் எளிதில் அழியாது. இந்தியாவில் அதன் பயன்பாட்டுக்கு 2025 டிசம்பர் 31தான் கடைசி நாள் என்று 2016ஆம் ஆண்டு அரசாணை சொன்னது. ஆனாலும் பல கைமாறிய பழைய டிரான்ஸ்ஃபார்மருக்குள் என்ன ஆயில் கலந்திருக்கிறது என்று நேம் பிளேட்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. பிசிபி 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 50 பங்கு) மேல் இருக்கிற ஆயில் ஒருமுறை உங்கள் மெஷினில் ஓடிவிட்டால், அம்மை கண்ட வீட்டுக்குப் போய்வந்த ஆள் மாதிரி, மெஷின் போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோகும். முடிவு கைக்கு வரும் வரை மெஷின் வண்டியிலிருந்து இறங்கக் கூடாது. வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

லைட், பேட்டரி, பேனல்

எல்இடி மாற்றும் வேலையில் பெருமை அதிகம், கழிவைப் பற்றிப் பேச்சே இராது. காயலான் கடைக்காரருக்கு வேண்டியது சோக்கில் உள்ள தாமிரம்தான். டியூபை மூலையில் உடைத்துப் போட்டுவிடுவார்; ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. புது எல்இடி வந்த அட்டைப் பெட்டியிலேயே பழைய டியூபை முழுசாக அடுக்குங்கள், அளவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் எல்லோரும் வெளியே நிற்கட்டும். அப்புறம் அட்டையாலும் ஒட்டும் டேப்பாலும் எடுங்கள். துடைப்பம் போட்டால் பாதரசம் பரவும்.

யூபிஎஸ் பேட்டரிக்கு 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள். புது பேட்டரி விற்ற டீலரிடமே பழையதைக் கொடுத்து, எண்ணிக்கையோடு ரசீது வாங்குங்கள். ஆசிட்டைக் கீழே கொட்டிவிட்டு வெறும் பெட்டியைக் கேட்கிறவர் ஈயத்தைக் கொல்லைப்புறத்தில் உருக்கப் போகிறார் என்று அர்த்தம். சோலார் பேனலும் 2023 ஏப்ரல் முதல் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வந்துவிட்டது. உடைந்த பேனலை மொட்டை மாடியிலேயே சாய்த்து வைத்துவிட்டு வராதீர்கள். ஏசி வேலையும் செய்தால், கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது: ஆர்-22 என்ற ஏசி கேஸ் ஒரு கிலோ, பூமியை வெப்பமாக்குவதில் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள்: 'கழற்றிய பொருளை முறையாக ஒப்படைத்தல்'. விலைக்குள் ஒளித்து வைத்தால் பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது அதுதான். தனி வரியாக இருந்தால், வேண்டாம் என்று வாடிக்கையாளர் தன் வாயால் சொல்ல வேண்டிவரும். ஏற்றுமதி செய்கிறவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

புகையும் கணக்கும்

வாடிக்கையாளர் ஜெனரேட்டரின் புகைக்குழாயைப் பார்த்துச் சொல்வதும் நம் வேலைதான். கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கினால் வருகிற மீட்டர் அளவுக்குக் குழாய், கட்டட உயரத்துக்கு மேலே நிற்க வேண்டும். 100 கேவிஏவுக்கு 2 மீட்டர், 400க்கு 4 மீட்டர். ஜன்னல் உயரத்தில் புகை விடுகிற ஜெனரேட்டரைப் பார்த்தால் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள்.

நம் வண்டிக்கு, டீசல் லிட்டருக்கு சுமார் 2.68 கிலோ கரியமில வாயு என்று கணக்கு வையுங்கள். மாதம் 200 லிட்டர் போட்டால் 536 கிலோ. ஆம்பூர், வாணியம்பாடி ஒரு நாள், ஆற்காடு, வாலாஜா ஒரு நாள் என்று பிரித்தாலே இது குறையும். இன்னொரு பக்கம், சோக்கோடு 55 வாட் இழுக்கும் டியூபை எடுத்து 20 வாட் எல்இடி போட்டால், வருடத்துக்கு 3,000 மணி நேரத்தில் 105 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்றால் 73 கிலோவுக்கு மேல். 500 டியூபுக்கு 36 டன்னைத் தாண்டும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இதை நம் கணக்கில் கழித்துவிட்டு 'நாங்கள் மாசே செய்வதில்லை' என்று எழுதாதீர்கள். அந்த மிச்சம் வாடிக்கையாளருடையது, அவரும் தன் அறிக்கையில் எழுதுவார். வேறு பக்கத்தில், வேறு தலைப்பில் வையுங்கள்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு பாலிசி எழுத உட்காருங்கள். அரைப் பக்கம் போதும், தமிழில் இருக்கட்டும், மெக்கானிக் படிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடி ஐந்து ஜாப் கார்டை உருவி, மூன்றாவது பத்தியில் எழுதியதற்கு ரசீதோ மேனிஃபெஸ்ட்டோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அங்கீகாரம் வாங்கியிருந்தால் ஆண்டு அறிக்கை, படிவம் 4, ஜூன் 30க்குள் வாரியத்துக்குப் போக வேண்டும். மே மாதமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஜூன் கடைசியில் ஆடிட்டரும் பள்ளிக்கூட ஃபீசும் சேர்ந்து வரும்.