மூன்று பேர் தடுப்பாட்டம்: வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எங்கே அடி விழும்?

கால்பந்தில் நான்கு பேரைப் பின்னால் நிறுத்துவதுதான் பெரும்பாலான அணிகளுக்குப் பழகிய வழி. அதை விட்டுவிட்டு மூன்று சென்டர் பேக்குகளோடு (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்) ஆடலாமா? சென்டர் பேக்கையே முன்னால் ஓடவிடலாமா? தடுப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தலாமா? தாராளமாகச் செய்யலாம். அப்படி ஆடி லீக் பட்டம் வென்ற அணிகள் உண்டு. அதே வடிவத்தை எடுத்து ஆடி அடிமட்டத்துக்குப் போன அணிகளும் உண்டு. இரண்டு தரப்பையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: தோற்றவர்கள் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் இடம் விட்டு நகர்ந்தால் அந்த இடத்துக்கு யார் வருவது என்ற ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணிக்கையைப் பார்த்து முடிவு கட்டுவது

மூன்று சென்டர் பேக்குகளோடு ஓரத்து இருவரும் இறங்கி நின்று பின்னால் ஐந்து பேர் என்றதும் "பயந்து ஆடுகிறார்கள்" என்று சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2016 செப்டம்பர் 24 அன்று ஆர்சனலிடம் செல்சி முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் கோச் அந்தோனியோ கான்டே, ஃபாப்ரிகாஸை வெளியே எடுத்து மார்கோஸ் அலோன்சோவை இறக்கி மூன்று சென்டர் பேக்குகளுக்கு மாறினார். அன்றைய ஆட்டம் 3-0 என்றே முடிந்தது. ஆனால் அடுத்து வந்த 13 லீக் ஆட்டங்களிலும் செல்சி வென்றது. அவற்றில் வாங்கிய கோல்கள் மொத்தம் 4. சீசன் முடிவில் 93 புள்ளிகளோடு சாம்பியன்.

அந்த அணி பந்தை வைத்திருக்கும்போது பார்த்திருந்தால் அதைத் தற்காப்பு வடிவம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வலது ஓரத்தில் விக்டர் மோசஸ், இடது ஓரத்தில் அலோன்சோ, உள்ளே பெட்ரோவும் ஹஸார்டும், நடுவில் டியாகோ கோஸ்டா. ஐந்து பேர் எதிரணியின் பின்வரிசையை அகலமாக இழுத்து வைப்பார்கள். நான்கு பேரால் ஐந்து பேரைப் பிடிக்க முடியாது, யாராவது ஒருவர் தனியாக நிற்பார். பந்து கைமாறியதும் மோசஸும் அலோன்சோவும் பின்னால் வந்து ஐவர் வரிசையை முழுமையாக்குவார்கள். ஆக, தாளில் எழுதும் எண் ஆட்டம் தொடங்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும்.

ஆள் இல்லாமல், நாள் இல்லாமல் மாறுவது

செல்சி கதையில் பலர் கவனிக்காத ஒன்று: அந்த சீசனில் அவர்களுக்கு ஐரோப்பியப் போட்டிகளே கிடையாது. முந்தைய ஆண்டு பத்தாம் இடத்தில் முடித்ததால் தகுதி பெறவில்லை. பெரும்பாலான வாரங்களில் பயிற்சிக்கு முழு வாரமும் கிடைத்தது. கான்டேவுக்கும் இது புதிதல்ல. யுவென்டஸிலும் இத்தாலி தேசிய அணியிலும் மூவர் தடுப்பை வைத்துத்தான் பெயர் எடுத்தார்.

மறுபக்கம் ரூபென் அமோரிமைப் பாருங்கள். போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் அணிக்கு 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020-21-இல், லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். மூன்று சென்டர் பேக்குகள், ஓரத்தில் பெட்ரோ பொர்ரோவும் நூனோ மென்டெஸும். இரண்டு பேருமே விங் பேக் வேலைக்கென்றே, அதாவது ஓரம் முழுவதும் மேலும் கீழும் ஓடும் வேலைக்கென்றே, பிறந்தவர்கள் மாதிரி. 2024 நவம்பரில் சீசனின் நடுவே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து அதே வடிவத்தை வைத்தார். அந்த அணி நான்கு பேர் தடுப்புக்காகச் சேர்க்கப்பட்ட அணி, ஐரோப்பியப் போட்டிகளும் இருந்ததால் பயிற்சிக்கு நாளும் இல்லை. முடிவு, 42 புள்ளிகளோடு 15-ஆம் இடம்.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கிட்டத்தில் பார்த்தால் பெரிய சிக்கல் விளங்கும். இடது விங் பேக்காக அடிக்கடி ஆடியவர் டியோகோ டாலோ, வலது கால்காரர். நால்வர் தடுப்பில் அது அவ்வளவாக உறுத்தாது, அவருக்கு முன்னால் ஓரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு விங்கர் இருப்பார். மூவர் தடுப்பில் அந்த ஓரம் முழுவதும் அவர் ஒருவருடையது. பந்தை வாங்கி ஓடிப்போய் கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அனுப்புவது) போட வேண்டிய கணத்தில் வலது காலுக்கு மாற்ற உள்ளே திரும்ப வேண்டும். அந்த ஒரு நொடியில் எதிரணி தன் கோல் முன்னாலுள்ள பெட்டிக்குள் வரிசை சேர்ந்துவிடும். வீரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அவரால் ஆன மட்டும் ஓடினார். இந்த வடிவம் எந்த இடத்துக்கு எப்படிப்பட்ட ஆளைக் கேட்கிறது என்று முதலில் எழுதிப் பார்த்துவிட்டு, அந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று பிறகு பார்க்க வேண்டும். பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம்.

போனவர் இடத்தை நிரப்பாமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது. இதைப் புரிந்துகொள்ள ஷெஃபீல்ட் யுனைடெட்டை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

கிறிஸ் வைல்டர் 2016-இல் பொறுப்பேற்றபோது அந்த அணி இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. முதல் சீசனிலேயே 100 புள்ளிகளோடு மேலே வந்தார்கள். 2019-இல் பிரீமியர் லீக். வரும்போது கூடவே கொண்டுவந்ததுதான் அந்த வினோதமான தடுப்பாட்டம். மூன்று சென்டர் பேக்குகளில் ஓரத்து இருவர், வலப்பக்கம் கிறிஸ் பாஷம், இடப்பக்கம் ஜாக் ஓ'கானல், தங்கள் விங் பேக்கையும் தாண்டி டச்லைன் ஓரமாக ஓடுவார்கள். சென்டர் பேக் எதிரணிப் பெட்டி அருகே நின்று கிராஸ் போடுவார்! எதிரணி விங்கருக்கு அவரைத் துரத்திக்கொண்டு ஓடுவதா, விங் பேக்கைப் பிடிப்பதா என்று தெரியாது.

பார்த்தவர்கள் எல்லாம் அந்த ஓட்டத்தைத்தான் பேசினார்கள். அந்த ஓட்டம் நடக்கும்போது பின்னால் என்ன நடந்தது என்பதுதான் உண்மையான விஷயம். ஓ'கானல் மேலே போனால் இடது விங் பேக் எண்டா ஸ்டீவன்ஸ் ஏறாமல் பின்தங்குவார். நடு மிட்ஃபீல்டில் ஆலிவர் நார்வுட் கீழே இறங்கி நடுச் சென்டர் பேக் ஜான் ஈகன் பக்கத்தில் நிற்பார். மறுபக்கத்துச் சென்டர் பேக் அந்த நேரத்தில் ஏறவே மாட்டார். ஒருவர் ஓட்டத்துக்கு மூன்று பேர் தங்கள் இடத்தைச் சரிசெய்கிறார்கள். கீழ்நிலை லீக்கிலேயே சேர்ந்து ஆடிப் பழகியதால் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இது நடந்தது. அந்த ஆண்டு 38 ஆட்டங்களில் 39 கோல் மட்டுமே வாங்கி ஒன்பதாம் இடத்தில் முடித்தார்கள். புதிதாக மேலே வந்த அணிக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த சீசன்? தொடக்கத்திலேயே முழங்கால் காயத்தால் ஓ'கானல் போய்விட்டார். கடனுக்கு வந்திருந்த கோல்கீப்பர் டீன் ஹென்டர்சன் தன் சொந்த கிளப்புக்குத் திரும்பிவிட்டார். வடிவம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இடப்பக்கம் மாறி மாறி ஆடியவர்களால் அந்த ஓட்டத்தையும் கொடுக்க முடியவில்லை, சுற்றியிருப்பவர்களுக்கு எப்போது நகர்வது என்பதும் குழம்பியது. முதல் 17 லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றி கூட இல்லை. 23 புள்ளிகளோடு கடைசி இடம், 63 கோல் வாங்கினார்கள். மார்ச்சில் வைல்டரும் விலகிவிட்டார். காலி மைதானங்கள், கோல் போட ஆளில்லாதது என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கைக்கடிகாரத்தில் ஒரு பல்சக்கரம் போனால் எல்லா முள்ளும் நிற்பது போல, ஒரு இடது கால் சென்டர் பேக் போனதும் அந்த ஏற்பாடே நின்றுபோனதை யாரும் பார்க்கலாம்.

உங்கள் அணியில் இதை முயன்றால், "யார் ஏறுவது" என்று பலகையில் அம்புக்குறி போடுவதற்கு முன் "அவர் ஏறினால் யார் இறங்குவது" என்று போடுங்கள். அப்புறம் அந்த ஆள் காயப்பட்டால் யார் என்று இன்னொரு பெயரையும் எழுதுங்கள். அந்தப் பெயர் கிடைக்கவில்லை என்றால் அந்த அம்புக்குறியை அழித்துவிடுவது நல்லது.

மூன்று பேர் ஒருவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது

எதிரணிக்கு ஒரே ஸ்ட்ரைக்கர் என்றால், நம் மூன்று சென்டர் பேக்குகளில் இரண்டு பேருக்கு வேலையே இல்லை. பின்னால் கூடுதலாக நிற்கும் ஆள் மிட்ஃபீல்டில் குறைகிறார். அங்கே நம் இரண்டு பேர், அவர்களுடைய மூன்று பேர். எதிரணி நிதானமாக நடுவில் பந்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

செல்சியில் இதை மறைத்தது கான்டே என்ற இன்னொருவர், மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டே. அவரும் கூட ஆடிய மிட்ஃபீல்டர் மாட்டிச்சும் மூன்று பேர் ஓடும் தூரத்தை ஓடினார்கள். அப்படி ஆள் இல்லாதவர்களுக்கு ஒரே வழி, சென்டர் பேக்கில் ஒருவர் துணிந்து முன்னால் வந்து பந்து வாங்க வருபவரை முதுகோடு ஒட்டிப் பிடிப்பது. இத்தாலியின் அட்டலான்டா அணியில் கோச் காஸ்பெரினி இதையே கொள்கையாக வைத்தார். அவருடைய சென்டர் பேக்குகள் தங்கள் ஆளைத் துரத்தி நடுக்கோட்டைத் தாண்டியும் போவார்கள். 2024 மே மாதம் டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில், தொடர்ந்து 51 ஆட்டங்கள் தோற்காமல் வந்த ஜெர்மனியின் லெவர்குசனை 3-0 என்று இப்படித்தான் மூச்சுத் திணற வைத்தார்கள். லெவர்குசனும் மூவர் தடுப்பு அணிதான் என்பதைக் கவனியுங்கள். ஒரே எண், இரண்டு வேறு ஆட்டம்.

விங் பேக் பின்னால் ஒட்டிக்கொள்வது

இது யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, தானாக நடக்கும். 2021 ஜூலையில் நடந்த யூரோ இறுதிப் போட்டியில் இத்தாலிக்கு எதிராக இங்கிலாந்து மூவர் தடுப்போடு இறங்கியது. இரண்டாவது நிமிடத்திலேயே வலது விங் பேக் டிரிப்பியர் கிராஸ் போட, இடது விங் பேக் லூக் ஷா ஓடிவந்து கோல் அடித்தார். இந்த வடிவம் எதற்காக என்பதற்கு இதைவிட அழகான விளக்கம் கிடையாது. பிறகு முன்னிலையைக் காப்பாற்றும் எண்ணம் வந்தது. இரண்டு பேரும் மெல்ல மெல்லப் பின்னால் இறங்கினார்கள். மூன்று பேர் வரிசை ஐந்து பேர் சுவராகியது. பந்தை வெளியே அடித்தாலும் வாங்க முன்னால் ஆளில்லை, அடுத்த நொடியே இத்தாலி திரும்பக் கொண்டுவந்துவிடும். 67-ஆவது நிமிடத்தில் போனூச்சி சமன் செய்தார், பெனால்ட்டியில் கோப்பை போனது.

மைதான ஓரத்தில் நிற்கும் கோச் பார்க்க வேண்டியது பந்தை அல்ல, தன் விங் பேக்குகள் மைதானத்தில் எவ்வளவு முன்னால் நிற்கிறார்கள் என்பதை. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சென்டர் பேக்குகளோடு ஒரே கோட்டில் நீண்ட நேரம் நின்றால் உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். குறைந்தது பந்து இல்லாத பக்கத்து ஆளாவது பந்து கைக்கு வந்ததும் ஓடத் தயாராக இருக்க வேண்டும்.

வரிசையை ஏற்றிவிட்டு பந்தை அழுத்தாமல் விடுவது

2024 அக்டோபரில் ஹான்சி ஃப்ளிக்கின் பார்சிலோனா, ரியல் மாட்ரிட்டை 12 முறை ஆஃப்சைடில் (பாஸ் கிளம்பும் கணத்தில் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறில்) மாட்டவைத்து 4-0 என்று வென்றது. அதைப் பார்த்துவிட்டு வரிசையை மேலே ஏற்றியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பந்து வைத்திருப்பவர் தலைநிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்காத வரைதான் அந்தப் பொறி வேலை செய்யும். முன்னால் நிற்பவர்கள் ஓய்ந்துபோய் அவருக்கு நேரம் கொடுத்துவிட்டால் பின்னால் பரந்து கிடக்கும் வெற்றிடத்துக்கு ஒரு நல்ல பாஸ் போதும். அதே சீசனில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டரிடம் பார்சிலோனா இரண்டு ஆட்டங்களில் ஏழு கோல் வாங்கி வெளியேறியது.

திரும்பிப் போக வழி வைக்காமல் இருப்பது

எந்தப் புது வடிவத்தையும் எதிரணிகள் படித்துவிடும். செல்சியின் 13 வெற்றிகளை 2017 ஜனவரி 4 அன்று நிறுத்திய டாட்டன்ஹாம் தானும் மூவர் தடுப்போடு வந்தது. இரண்டு கோலும் ஒரே அச்சு: எரிக்சன் வலப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட, தூரக் கம்பத்தில் டெலி அலி தலையால் முட்டினார். அங்கே செல்சிக்காக நின்றவர் அஸ்பிலிக்வெட்டா. அருமையான தடுப்பாட்டக்காரர், ஆனால் ஃபுல் பேக்கின் (நால்வர் தடுப்பில் ஓரத்தில் நிற்பவர்) உயரம்தான், தலைப்பந்துக்குப் போதாது. ஃபுல் பேக்கைச் சென்டர் பேக்காக்கியதால் வந்த பலவீனத்தை அவர்கள் தேடிப் பிடித்தார்கள்.

ஆகவே இன்னொரு வடிவமும் பயிற்சியில் இருக்க வேண்டும். இதில் நான் மிகவும் மதிப்பது 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து கோச் வான் ஹால் செய்ததை. ஸ்பெயினை 5-1 என்று நொறுக்கிய அதே ஐவர் தடுப்போடு மெக்சிகோவை எதிர்கொண்டார், இரண்டாம் பாதியில் ஒரு கோல் பின்தங்கினார். கடும் வெயிலுக்காக ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க விட்ட இடைவேளையைப் பயன்படுத்தி வீரர்களுக்கு மாற்றுத் திட்டத்தைச் சொன்னார். அதற்கு முன்பே அணி நால்வர் தடுப்புள்ள 4-3-3-க்குத் திரும்பியிருந்தது. 88-ஆவது நிமிடத்தில் ஸ்னைடர், 90 நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் ஹன்டலார் பெனால்ட்டி, 2-1.

அன்று டிர்க் கய்ட் இடது விங் பேக்காகத் தொடங்கி, வலது பேக்காக மாறி, கடைசியில் முன்கள வீரராக ஆடினார். அந்த மாதிரி ஒருவர் உங்கள் பதினொன்றில் இருந்தால், ஆளை மாற்றாமலே வடிவத்தை மாற்றலாம். இல்லையென்றால் மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது எந்தச் சென்டர் பேக் வெளியே வருகிறார், யார் விங்கராகிறார் என்பதை வாரம் ஒரு முறையாவது பயிற்சி ஆட்டத்தின் நடுவே விசில் ஊதி மாற்றச் சொல்லிப் பழக்குங்கள்.